கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அண்ணாச்சி

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது அவருடைய செல்போனுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி போனை வாங்கித் திருப்பி, காமிரா இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டித் திருப்பிக் கொடுப்பார். உள்ளே ஓடும் உற்பத்தி லைனை யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் என் முதல் வேலை அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரிப்பதுதான். காபி போடுவதெல்லாம் அப்புறம். உரித்தாலும் பசை போகாது. துணி நுனியில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்க்க வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் பிறந்த நான் தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் சமையலுக்கும்தான் பார்த்திருக்கிறேன். போனுக்குத் தேய்ப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், தினம் ஒரு படம் எடுத்தாக வேண்டும். அது என் மாமியாருக்குக் கொடுத்த வாக்கு. 2009இல் ஒன்பது மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஒரகடம் பக்கம் கிளம்பியபோது, பஸ் ஏறும் இடத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை நடக்கதையும் பேசுததையும் நான் போன்ல கேட்டுக்கிட்டா கிடக்கணும்? தினம் ஒண்ணு படம் புடி. மொத்தமா அனுப்பிவிடு" என்றார். எங்களிடம் காமிரா இருந்தது இவருடைய போனில் மட்டும்தான். ஆகவே எங்கள் வீட்டுப் படங்களின் வெளிச்சத்தை முடிவு செய்தது கம்பெனி. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரமென்றால் சாயங்கால வெயில். செகண்ட் ஷிப்ட் என்றால் அவர் கிளம்பும் முன் உச்சி வெயில், எல்லோர் முகத்திலும் கண்ணுக்குக் கீழே கறுப்பு. நைட் ஷிப்ட் வாரத்துப் படங்களில் காலை இளவெயிலில் என் மகள் ஜெனி மட்டும் இருப்பாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்தியிருக்கும், உள்ளே அப்பா தூங்குகிறார் என்று அர்த்தம்.

சேரப்பணஞ்சேரியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. வரிசையாக நாலு வீடு, நாலுக்கும் ஒரே வாசல், வாசல் நடுவில் ஒரு போர் பைப்பு. ஓனர் ஏழுமலை கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு, வந்த காசில் இந்த வரிசையைக் கட்டினார். மனைவி கன்னியம்மாவோடும், கம்பெனி வேன் ஓட்டுகிற மகன் சேகரோடும் முதல் வீட்டில் இருந்தார். பைப்புப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, சட்டை கிடையாது, நாள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பார். உழுதுகொண்டிருந்த மனுஷனுக்குத் திடீரென்று ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. கேட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியும் நீளமான காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, "அதுக்குள்ளதாம்மா நம்ம கொல்லி, நெலம் எல்லாம் கீது. இப்ப உள்ள போவணும்னா எனக்கே பாஸ் வேணுமாம்" என்று சிரிப்பார்.

முதல் மாதப் படங்களைப் படப்பை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கூரியரில் அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அன்றைக்கே அத்தை போன் செய்தார்.

"ஏட்டி, யாரு அது? துண்டை மட்டும் போட்டுக்கிட்டு உன் வாசல்ல நிக்கது?"

"ஓனர் அத்தை."

"ஓனருக்குச் சட்டை கிடையாதா? நாலு பேருக்குக் காட்டுத படம்ட்டி. எம்மவன் தனி வீட்ல இருக்கான்னு சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இனிமே அவரு இல்லாம புடி."

அத்தையைக் குறை சொல்லவில்லை. மகனும் பேத்தியும் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்க, நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட அவருக்கு அந்தப் படங்கள்தான் இருந்தன. எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். அடுத்த நாள் போனைத் தூக்கியதும், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். "அண்ணாச்சின்னா மளிகைக் கடை வெச்சிகினு கீறவங்கதானே? எனக்கு ஏதும்மா கடை?" என்றார். எங்கள் ஊரில் பெரியவர்கள் எல்லோரும் அண்ணாச்சிதான் என்று விளக்கினேன். கன்னியம்மா உள்ளேயிருந்து, "இவருக்குக் கடை வெச்சிக் குடுத்தா ஒரே நாள்ல ஊருக்கே கடன் குடுத்துட்டு வந்து குந்திக்குவாரு" என்று கத்தினார். அன்றிலிருந்து நான் அண்ணாச்சி என்று கூப்பிடும்போதெல்லாம், "இன்னா வேணும்? பருப்பா, சக்கரையா?" என்பார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வேடிக்கைதான். இப்போது யாரும் கேட்பதில்லை.

போகப் போக நான் சொல்லவே வேண்டியதில்லை. கையில் போனைப் பார்த்ததும் அவரே எழுந்து நாற்காலியையும் தூக்கிக்கொள்வார். "நான் தள்ளிக்கிறேன், நீ புடி." பைப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்பார். சாயங்காலத்தில் அங்கிருந்தும் அவர் நிழல் நீளமாக வந்து ஜெனியின் காலடியில் விழும். "இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி, நிழல் விழுது" என்பேன். சொந்த வாசலில் தன் நிழலையும் சுருட்டிக்கொண்டு இன்னும் இரண்டடி போவார். ஜெனியை நேராகப் பார்க்கவைக்க, அங்கே நின்றுகொண்டு காக்காய் மாதிரி, ஆடு மாதிரி கத்திக் காட்டுவதும் அவர்தான். அத்தை வீட்டு ஆல்பத்தில் ஜெனி சிரிக்கிற படமெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்த படங்கள்.

என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் நாட்களில், குழந்தை சத்தம் போட்டு எழுப்பிவிடக் கூடாதென்று ஏழுமலை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் பார்க்க ரோட்டுக்குப் போய்விடுவார். அவள் பேச்சைக் கற்றதே அந்த இடுப்பில்தான். போனில் ஒரு நாள், "ஆச்சி, நான் வூட்ல கீறேன்" என்றாளாம். "பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு? யார் பேச்சைப் பேசுதா?" என்று அத்தை பதறிப்போனார். கன்னியம்மாவிடம் சொன்னபோது, "ஏன், நல்லாத்தானே பேசுது? நீதான் பாட்டு மாரி இழுத்து இழுத்துப் பேசறே" என்றார். நான் பேசுவது இங்கே பாட்டு, அவள் பேசுவது ஊரில் கோளாறு. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நான் முழித்துக்கொண்டு நின்றேன்.

இதில் அந்த ஸ்டிக்கர் பசை செய்த வேலையையும் சொல்ல வேண்டும். ஒரு விடுமுறைக்கு மகாபலிபுரம் போனோம். வெயிலில் போனின் திரை சரியாகத் தெரியவில்லை. பசையைத் துடைக்க மறந்துவிட்டேன் என்பது பிரிண்ட் போட்ட பிறகுதான் தெரிந்தது. கடல், கோயில், நாங்கள், எல்லாமே வெள்ளையாக மங்கிப்போயிருந்தன. "அங்க என்ன, பனியா பெய்யுது?" என்றார் அத்தை. அந்தப் படங்களைத் தூக்கிப் போட மனசு வராமல் வைத்துக்கொண்டேன். மங்கலான கடலுக்கு அந்தப் பரிவு காட்டியவள், ஏழுமலை முழுசாக விழுந்துவிட்ட படங்களுக்குக் காட்டவில்லை. போனில் இடம் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் உட்கார்ந்து வேண்டாத படங்களை அழிப்பேன். அவர் குறுக்கே வந்த படங்கள்தான் முதலில் போகும்.

2012இல் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஏழுமலை எழுந்திருக்கவில்லை. கன்னியம்மாவின் சத்தம் கேட்டு ஓடினோம். டாக்டரைக் கூட்டிவந்ததெல்லாம் சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான். ஒரு மணி நேரத்தில் வாசலில் பந்தல் போட ஆள் வந்துவிட்டது, மேளக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் தெருமுனையில் அவர் படம் போட்ட பிளக்ஸ் நின்றாக வேண்டும். அது இல்லாவிட்டால் நாதியற்ற சாவு என்பார்கள். சேகர் பீரோவைக் குடைந்தான். கல்யாணப் படம் எப்போதோ மழையில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டுக் கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"இது அவரு இல்லடா, யாரோ மாதிரி கீது. இதையா பெருசு பண்ணி ரோட்ல வெப்பே?" அழுதுகொண்டே என் பக்கம் திரும்பினார். "உன்னாண்ட இருக்குமேம்மா. நீதான் தெனிக்கும் புடிச்சிகினு இருந்தியே. கண்ணு தொறந்து கீற மாதிரி ஒண்ணு குடு. போதும்."

அந்த நேரத்தில் எனக்குப் பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மூன்று வருஷமாகத் தினமும் படம் எடுத்தவள் நான். வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து தேடினேன். ஒரு படத்தில் ஓரமாக முழங்கை. ஒன்றில் துண்டின் நுனி. ஒன்றில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகு. சிமெண்டுத் தரையில் நிழல், நிழல், திரும்பவும் நிழல். முகம் மட்டும் இல்லவே இல்லை. எடுக்காமல் இல்லை, நான்தான் வாராவாரம் அழித்திருக்கிறேன். என்னை விட்டால் அந்த அம்மாளுக்கு வேறு கதியில்லை. கடைசியில் மெமரி கார்டில், அழிக்க விட்டுப்போன ஒரே ஒரு படம் அகப்பட்டது.

அன்றைக்கு என்னவோ அதிசயமாக அவர் வெள்ளைச் சட்டை போட்டுத் தலையை வாரிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்தேன். ஜெனி ஓடிப்போய்த் தாவி ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம், இரண்டு பேரும் நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எடுத்துவிட்டு, "சரி, பிள்ளையை இறக்கி விட்டுட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லி அடுத்ததை எடுத்தேன். அத்தைக்குப் போனது அந்த அடுத்த படம்.

சேகரும் நானும் படப்பைக்குப் பறந்தோம். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் ஜெனியை மெல்ல வெட்டி எடுத்தார். அவள் மறைத்திருந்த இடத்தில் வேறு யாருடைய சட்டையையோ கொண்டுவந்து ஒட்டினார். எல்லாம் சரியாக வந்தது. அவருடைய அந்தப் பக்கத்துத் தோளில் மட்டும் ஜெனியின் கை தங்கிவிட்டது. கழுத்தைச் சுற்றிப் போன சின்னக் கை, ஐந்து விரலும் சட்டையைப் பற்றிக்கொண்டிருந்தது.

"இதையும் அழிச்சிடலாம். கொஞ்ச நேரம் ஆவும்" என்றார் அவர்.

"அழிச்சிடுண்ணா" என்றான் சேகர். "பச்சப் புள்ள கை. சாவு போட்டோல வேணாம். அம்மா பாத்தா திட்டும்."

பயம் எனக்கும் இருந்தது. ஜெபம் பண்ணுகிற குடும்பம் என்றாலும் பெற்ற வயிறு பதறத்தான் செய்யும். அத்தைக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்றும் ஓடியது. ஆனால் அந்தக் கையைத் தள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தள்ளச் சொன்னதெல்லாம் போதும் என்றிருந்தது.

"இருக்கட்டும்ணே. அப்படியே போடுங்க" என்றேன்.

பிளக்ஸ் வந்ததும் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கன்னியம்மா முகத்தைத் தடவினார், பிறகு தோளில் இருந்த அந்த விரல்களைத் தடவினார். திட்டவில்லை. "இந்தச் சட்டையா!" என்றார் என்னைப் பார்த்து. "அன்னிக்கு உன்னாண்ட போட்டோ புடிச்சிக்கணும்னு எட்த்து மாட்டிகினாரும்மா. பாப்பாவ புடிக்கிது, என்னையும் ஒண்ணு புடின்னு கேளுய்யான்னு சொன்னேன். கேக்க அவருக்கு வெக்கம்." அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. மனுஷன் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். நான் அவரைப் பைப்புக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறேன்.

நாங்கள் இப்போது வடக்குப்பட்டுப் பக்கம் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம். உண்மையாகவே தனி வீடு. வாசலில் யாரும் உட்காருவதில்லை. புது போன், எடுத்த நிமிஷத்திலேயே வாட்ஸ்அப்பில் படம் ஊருக்குப் போய்விடுகிறது. ஸ்டிக்கர் மட்டும் மாறவில்லை, இன்றைக்கும் உரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வருஷா வருஷம் ஏழுமலையின் நினைவு நாளுக்குக் கன்னியம்மா வீட்டுக்குப் போகிறோம். அந்தப் படத்தைப் பிரேம் போட்டு மாலையோடு மாட்டியிருக்கிறார்கள். தோளில் அந்தக் கை. ஜெனி நாற்காலி போட்டு ஏறித் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பாள். இப்போது அவள் கை பெரிதாகிவிட்டது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது அத்தை பழைய ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜெனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியவர் ஒரு இடத்தில் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"ஏட்டி, ஓரத்துல யாரு இது? கை மட்டும் தெரியுது. இதுல பாரு, நிழலு."

"அந்த ஓனர்தான் அத்தை. ஏழுமலை அண்ணாச்சி."

"பிள்ளையை வளத்தாருன்னு சொல்லுவியே, அவரா? பாவம். எப்பேர்ப்பட்ட மனுஷன்." அத்தை மேலும் இரண்டு பக்கம் புரட்டினார். "ஏன்ட்டி, தினம் படம் புடிச்சியே, அவரை முழுசா ஒண்ணு புடிச்சிருக்கக் கூடாதா?"

முன்னால் தான் சொன்னது அவருக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. நினைவுபடுத்தி என்ன ஆகப்போகிறது. பதில் சொன்னது ஜெனிதான்.

"கீது ஆச்சி. அங்க தாத்தா வூட்ல மாட்டி கீது. என் கை கூட அங்கதான் கீது."