இரண்டு முனையிலும் சீட்டு

தொலைக்காட்சி நிலையத்தில் அவரை எல்லோரும் 'ஒயர் அண்ணன்' என்பார்கள். ஆளுயர ரேக்குகளில் அடுக்கிய கருவிகளின் முதுகுப்பக்கம்தான் அவருடைய ராஜ்ஜியம். எந்த நெட்வொர்க் கேபிள் எங்கே போகிறது, கருவிகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் எந்த சீரியல் கேபிள் எதை இயக்குகிறது, எல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். ஒன்றிலாவது பெயர்ச்சீட்டு உண்டா? மருந்துக்கும் கிடையாது. "சீட்டு ஒட்டிட்டா அப்புறம் என்னை யாரு மதிப்பா?" என்று சேர்ந்த புதிதில் மீசையை முறுக்கிய மனுஷன்!

அந்த வீறாப்பே வினையாகிவிட்டது. மனைவி ஆறு மணி நேர ரயில் தூரத்தில் பள்ளி ஆசிரியை. அந்த ஊருக்கே இவரும் நாலு வருஷமாக மாற்றல் கேட்கிறார். "நீங்க போயிட்டா இதையெல்லாம் யாருய்யா பாக்கறது?" என்று மேலதிகாரியான இன்ஜினியர் கையை விரித்துவிடுவார். மாதம் இரண்டு நாள் போனாலும் அவள் வீட்டில் அவர் விருந்தாளிதான். சர்க்கரைக்கு ஏழு டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். திரும்பி வரும் ரயிலில் பாழாய்ப்போன மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

கடைசியில் இன்ஜினியரே இறங்கி வந்தார். "எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டுங்க. புதுசா வந்த டெக்னீஷியன் அம்மா உங்களைக் கேக்காம ஒரு கேபிளை மாட்டிட்டா, உங்க மாற்றலுக்குக் கையெழுத்து போடறேன்."

ஒளிபரப்பு ஓடும்போது எதையும் பிடுங்க முடியாது. ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவியே மறுமுனையை உறுதி செய்து, இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு கேபிள், ஆறு வாரம். "இன்னிக்கு எத்தனை?" என்று மனைவி தினமும் போனில் கேட்டாள்.

சோதனை நாளில், உபரிக் கருவி ஒன்றின் சீரியல் கேபிளை இன்ஜினியர் இரண்டு பக்கமும் கழற்றித் தரையில் போட்டார். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேராகத் தப்பான ரேக்குக்குப் போனார். அண்ணனுக்கு வாய் துறுதுறுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த அம்மா சீட்டை மறுபடி படித்தார், அடுத்த ரேக்குக்கு நகர்ந்தார், செருகினார், இரண்டு சின்னத் திருகுகளையும் இறுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது. இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருஷ ராஜ்ஜியம் இரண்டே நிமிஷத்தில் போனதில் ஒரு கணம் வலிக்கத்தான் செய்தது.

வெளியே ஓடிவந்து போன் போட்டார். "கையெழுத்து போட்டுட்டாரு!"

"நானும் ஒட்டிட்டேங்க," என்றாள் மனைவி.

"என்னத்த?"

"சமையல்கட்டு டப்பாவுல எல்லாம் பேரு. நீங்க ஆரம்பிச்ச அன்னிக்கே ஒட்டிட்டேன். இனிமே நீங்க தினமும் எடுக்கணும்ல?"