ஆயுள் கைதியை ஒரு வார்த்தை கேட்டது

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி போட்டு ஓடிய பஸ், உத்தமபாளையத்திலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் ஆளைப் பாதிக் கிழவனாக்கிவிடும். மேடு வந்தால் நின்றுவிடும். நாங்கள் இறங்கித் தள்ளுவோம். வெள்ளை வேட்டியோடு கிளம்பியவன் கரிமூட்டை வியாபாரி மாதிரி சிறை வாசலில் போய் நிற்பேன். ஒருமுறை காவலாளி என்னைக் கைதிகளைப் பார்க்க வந்த சனத்தோடு உட்காரவைத்துவிட்டான். பயத்தில் நானும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நான் சிறை ஆலோசனைக் குழுவில் ஒரு உறுப்பினர். ஆயுள் கைதிகளில் யாரை விடலாம் என்று சர்க்காருக்குச் சொல்வது எங்கள் வேலை. ஒரு நீதிபதி தலைவர். பக்கத்தில் சூப்பிரண்டு துரை. எழுத்தர் காகிதத்தை வாசிப்பார், தலைவர் 'வேண்டாம்' என்பார், நான் தலையாட்டுவேன். ஆள் யாரென்று ஒருநாளும் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எத்தனையோ ஆயுளைத் தள்ளிவைத்துவிடுவோம்.

அன்று வந்தது ஒரு பண்ணைப்புரத்துக்காரரின் காகிதம். யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்ற சண்டையில் பங்காளியை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். 'எதிர்க் குடும்பத்தின் பகை தீரவில்லை, விட்டால் கொலை விழும்' என்றது போலீஸ் அறிக்கை. போன தடவையும் இதே வாசகம்தான்.

"தள்ளிவிடலாமா?" என்றார் தலைவர்.

"ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுரலாமே" என்று ஒரு குரல் எழுந்தது. யாரந்தத் துணிச்சல்காரன் என்று திரும்பினேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விதியில் அப்படி இல்லையே."

"கூடாதுன்னும் இல்லைங்களே" என்றது அதே பாழாய்ப்போன வாய். எழுந்து வேறு நின்றுவிட்டேன். பிறகுதான் யோசனை வந்தது. வெளியே வந்து இவர் மறுபடி மண்வெட்டியைத் தூக்கினால்? என் வயலும் அந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

நரைத்து மெலிந்த ஒரு மனிதரைக் கொண்டுவந்தார்கள். தலைவர் அறிக்கையை அவருக்கு வாசித்துக் காட்டினார்.

"யாருக்கு சாமி பகை?" என்றார் அவர். "செத்தவனோட தம்பிதானே தை மாசம் என்னையப் பாக்க வந்தான். கருப்பட்டி கொண்டாந்தான்."

துரை தலைமை வார்டரைப் பார்த்தார். "ஆமாங்க, கருப்பட்டியை உள்ள விடலைங்க" என்றார் வார்டர். அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

"இத்தனை வருஷமா இதை ஏன் சொல்லலை?" என்றார் தலைவர்.

"வேண்டாம்னுட்டாகன்னு மட்டுந்தான் சாமி வந்து சொல்லுவாக. ஏன்னு சொன்னதில்ல. என்னையக் கேட்டதும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, உக்காருங்க. காலு ஆடுது" என்றார்.

உடனே விட்டுவிடவில்லை. புது அறிக்கை கேட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு அது பழைய வாசகத்தோடே வந்து சேர்ந்தது. இந்தத் தடவை நான் செத்தவரின் தம்பியையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். தலைவர் கைதியையும் தம்பியையும் கூப்பிட்டுக் கேட்டார். 'விடலாம்' என்று எழுதினார். இனிச் சென்னையிலிருந்து உத்தரவு வரவேண்டும். அது எந்தக் கரி பஸ்ஸில் வருகிறதோ.

திரும்பும்போது சின்னமனூருக்கு முன்னால் பஸ் நின்றது. இறங்கித் தள்ளினோம்.

"ஐயா," என்றார் தம்பி, மூச்சு வாங்க. "செயில்ல இருக்குற அண்ணன் வந்ததும் மொதத் தண்ணி யாருக்குன்னு இப்பவே இங்கன பேசி முடிச்சிருவமா?"

"வரட்டும்யா. அவரையும் கேக்கணும்ல" என்றேன். பஸ்ஸை இன்னும் பலமாகத் தள்ளினேன்.