சிஸ்டரின் சைக்கிளுக்குக் காற்று வைத்த கதை

1. லாரிக் கை

செம்பட்டியில் லாரி டயர் கடையில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். முதுகுவலி வந்து, இனி லாரி டயரைத் தூக்க முடியாது என்று ஆன பிறகு நாகல் நகரில் ஒரு கியர் சைக்கிள் கடையில் சேர்ந்தேன். கடை ஓனர் ஜோதி, என்னைவிட வயதில் இளைய பெண். சேர்ந்த அன்று காலையிலேயே ஒரு மலை சைக்கிளை என் முன்னால் நிறுத்தி, "அண்ணே, இதுக்குக் காத்து மட்டும் பாத்து வைங்க, கஸ்டமர் இப்ப வந்துருவாரு" என்றார்.

லாரி டயர்க்காரனுக்குக் காற்று என்றால் ஒரே அர்த்தம்தான். சுத்தியலால் தட்டினால் டங்கென்று கேட்க வேண்டும். சைக்கிள் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அமுங்கியது. டயர் அமுங்கினால் எனக்குப் பொறுக்காது. விரல் துளிகூட உள்ளே போகாத அளவுக்கு அடித்த பிறகுதான் பம்பைக் கீழே வைத்தேன்.

வந்தவர் ஒரு பாங்க் ஊழியர். சந்தோஷமாக ஏறிப் போனவர், தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் சீட்டை விட்டு எழும்பி, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் தொங்கத் திரும்பி வந்தார்.

"என்னண்ணே, குதிரை மாதிரி துள்ளுது? செத்த விட்டா என்னையத் தூக்கிக் கோழிக்கடைக்குள்ள போட்டுருக்கும்."

ஜோதி கீழே உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்ததை எனக்குக் காட்டினார். காற்றழுத்தம் குறைந்தது இருபத்துமூன்று பி.எஸ்.ஐ., அதிகபட்சம் ஐம்பத்துநான்கு என்று போட்டிருந்தது. நான் அதையும் தாண்டி அடித்திருந்தேன்.

"அப்ப எம்புட்டுதான் வைக்கிறது?" என்று கேட்டேன்.

"நாப்பது. நம்ம கடையில எல்லாத்துக்கும் நாப்பதுதான்."

"அது யாரு சொன்னது?"

ஜோதி கொஞ்சம் யோசித்தார். "யாரும் சொல்லலண்ணே. முன்னாடி இருந்த மெக்கானிக் அப்படி வச்சாரு. யாரும் குறை சொல்லல. அப்படியே ஓடுது."

நானும் அன்றிலிருந்து நாற்பது வைத்தேன். கேஜில் முள் நாற்பதில் நின்றால் வேலை முடிந்தது. யோசிக்கத் தேவையில்லாத வேலை சுகமாகத்தான் இருந்தது.

2. இத வித்துருங்க

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு புருஷன் பெண்டாட்டி உண்டு. சின்னராஜ் செம்பட்டிக்குப் பக்கத்தில் மல்லிகையும் சம்பங்கியும் போட்டிருக்கும் விவசாயி. ஆள் நல்ல பருமன். அவர் மனைவி மகேஸ்வரி டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒல்லியானவர். கடையில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சின்னராஜை சைக்கிள் ஓட்டச் சொல்ல, தனியாகப் போக மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்க, ஒரே மாடலில் இரண்டு மலை சைக்கிள் வாங்கினார்கள். கடைசியில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது சிஸ்டருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குழுவோடு சேர்ந்து சிறுமலை அடிவாரத்து மண்பாதையில் இருவரும் ஓட்டுவார்கள்.

ஒருநாள் மதியம் சிஸ்டர் மட்டும் யூனிஃபார்மோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கையில் கட்டு.

"அண்ணே, இத வாங்கிக்கிட்டு யாருக்காச்சும் வித்துருங்க."

"ஏன் சிஸ்டர்? புது வண்டி மாதிரி இருக்கே."

"வண்டியில குறை இல்லண்ணே. எனக்கு ஓட்ட வரல."

அடிவாரத்தில் ஒரு இறக்கம் இருக்கிறது. பாதை முழுக்கச் சரளைக்கல். பாதி தூரத்தில் இடதுபக்கம் ஒரு வளைவு. அந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கி, வாராவாரம் விழுகிறாராம். மற்றவர்கள் விழுவதில்லை.

"எங்க வீட்டுக்காரரே விழல. அம்புட்டுப் பெரிய உடம்ப வச்சிக்கிட்டு அவரு அலுங்காம எறங்கிப் போறாரு. நான்தான் விழுறேன். அப்ப தப்பு என்கிட்டதான? அடுத்த மாசம் அதே பாதையில ரேஸ் வைக்கிறாங்க. பேரு குடுத்துட்டேன். அதையும் எடுத்துறச் சொல்லணும்."

சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் கை ஹேண்டில்பாரை விடவில்லை. சைக்கிளை விற்க வந்தவர் அப்படிப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

பழக்கதோஷத்தில் முன் டயரை அழுத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை. பிறகு சீட்டில் கையை ஊன்றி, என் பாதி எடையைப் போட்டு அமுக்கினேன். அப்போதும் டயர் தரையில் பரவவே இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் மேல் நிற்கிற மாதிரி நின்றது.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. உங்க வெயிட்டு என்ன?"

"நாப்பத்தெட்டு."

"சாரு?"

"அவரு நூறத் தொட்டுட்டுத்தான் எறங்குவேன்னு இருக்காரு."

"ரெண்டு வண்டிக்கும் நாங்க நாப்பதுதான் வச்சுக் குடுத்துருக்கோம்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார்.

"ஏண்ணே, ஆஸ்பத்திரியில கொழந்தைக்கும் பெரியாளுக்கும் ஒரே டோஸ் போட்டா என்னைய வேலையில வச்சுருப்பாங்களா?"

கல்லாவில் இருந்த ஜோதி தலையைத் தூக்கினார். எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. ஜோதி வெளியே வந்து, "சிஸ்டர், ஞாயித்துக்கிழமை நாங்களும் வாரோம். அதுவரைக்கும் இந்தச் சைக்கிள விக்கிறதுக்கில்ல" என்றார்.

3. முள்ளை இறக்கினோம்

அந்த ஞாயிறு விடிந்ததும் ஜோதியும் நானும் பம்பு, கேஜ், பஞ்சர் சாமான்களோடு அடிவாரத்துக்குப் போனோம். சின்னராஜ் தன் தோட்டத்துச் சம்பங்கியில் ஒரு கட்டு கொண்டுவந்து ஜோதியிடம் கொடுத்துவிட்டு, "வண்டிக்கும் பூஜை போட்டுருங்க, அப்பவாச்சும் இவ விழாம இருக்காளான்னு பாப்போம்" என்றார். சிஸ்டர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலில் நாற்பதிலேயே இருவரையும் இறங்கச் சொன்னோம். நான் வளைவில் நின்று சக்கரத்தை மட்டும் கவனித்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சின்னராஜ் இறங்கும்போது அவருடைய எடைக்கு டயர் கொஞ்சம் நசுங்கி, டயரின் ரப்பர்ப் பட்டன்கள் சரளைக்குள் கடித்துப் பிடிக்கின்றன. சிஸ்டர் இறங்கும்போது டயர் நசுங்கவே இல்லை. ஒவ்வொரு கல்லும் சக்கரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தரையில் இல்லாத சக்கரம் எப்படித் திரும்பும்? இந்தத் தடவை நான் கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்ததால் அவர் விழவில்லை.

முன்னால் முப்பத்துநான்கு, பின்னால் முப்பத்தாறு வைத்தேன். சவாரி செய்பவரின் எடை பின்சக்கரத்தில்தான் அதிகம் உட்காரும், அதனால் பின்னால் கொஞ்சம் கூட. அவர் இறங்கினார். வழுக்கியது, விழவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு தடவை மேலே வந்ததும் நர்ஸ் நோயாளியிடம் கேட்பதுபோல் நான் அவரிடம் கேட்டேன்.

"கை அதிருதா?"

"முன்ன மாதிரி இல்லண்ணே."

"திருப்பையில எப்படி இருக்கு?"

"சொன்னபடி கேக்குது."

முன்னால் இருபத்துநான்கு, பின்னால் இருபத்தேழுக்கு வந்தபோது அவர் இறங்கிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. டயர் கற்களைத் தொட்டுத் தடவிக்கொண்டு போனது. வளைவில் சரளை சரசரவென்று ஒதுங்கியதே தவிர சக்கரம் வழுக்கவில்லை. கீழே போனவர் அங்கேயே நிற்காமல், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி ஓடிவந்தார்.

"இன்னொரு தடவை போறேன்."

ஒரு தடவை என்பது நாலைந்து தடவை ஆனது.

எனக்கு ஆசை விடவில்லை. குறைக்கக் குறைக்க நன்றாக இருக்கிறதென்றால் இன்னும் குறைத்துப் பார்ப்போம் என்று பின்சக்கரத்தை இருபதுக்கும் கீழே கொண்டுபோனேன். சிஸ்டர் பாதி இறக்கத்தில் ஒரு பாறை விளிம்பில் ஏறினார். டங்கென்று ரிம் கல்லில் இடித்த சத்தம் மேலே எங்களுக்கே கேட்டது. டியூபைக் கழற்றினால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் மாட்டி நசுங்கியிருக்கிறது.

"பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார் சிஸ்டர்.

"சைக்கிள்காரங்களும் இதப் பாம்புக்கடின்னுதான் சொல்லுவாங்க" என்றார் ஜோதி.

பஞ்சர் ஒட்டிக்கொண்டே நான் மனதில் குறித்துக்கொண்டேன். ரிம் இடிக்கிற அளவு தெரிந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் மேலே, அந்த இருபத்துநான்கும் இருபத்தேழும்தான் சிஸ்டரின் இடம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சின்னராஜுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எனக்கும் அதே வைங்க. இவளுக்கு மட்டும் மெத்தை, எனக்குக் கட்டாந்தரையா?"

"சார், உங்களுக்கு அது ஆகாது."

"வைங்கண்ணே பாப்போம்."

வைத்தேன். ஏறி உட்கார்ந்ததுமே பின் டயர் சப்பென்று படுத்துவிட்டது. முதல் கல்லிலேயே ரிம் இடித்தது. இறங்கி நின்று டயரைப் பார்த்தவர், "ஏலே, நான் இம்புட்டு கனமாவா இருக்கேன்?" என்று சைக்கிளைக் கேட்டார். சிஸ்டர் பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தார். சின்னராஜுக்கு முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் முப்பத்தாறு சரியாக வந்தது.

4. ரேஸ் அன்று

ரேஸுக்கு முந்தின சாயங்காலம் நல்ல மழை. காலையில் வானம் வெறித்துவிட்டது, பாதை மட்டும் ஈரம். டவுனிலிருந்தும் வத்தலக்குண்டுப் பக்கமிருந்தும் வந்தவர்கள் அடிவாரத்தில் கூடியிருந்தார்கள். பெண்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். சிஸ்டர் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, ஈரமா இருக்கே. கூட வைக்கணுமா, கொறைக்கணுமா?"

"நீங்க சொல்லுங்க சிஸ்டர்."

அவர் வளைவு வரை நடந்துபோய், காலால் சரளையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். "முன்னாடி ஒரு பாயிண்டு எறக்குங்க. பின்னாடி கை வைக்காதீங்க."

அப்படியே செய்தேன். ஜோதி என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது, ஆனால் அவர் வாயால் வந்ததில் ஒரு நிம்மதி.

சின்னராஜின் டயரை அழுத்தினால் கல் மாதிரி இருந்தது. "என்ன சார் இது?"

"வர்ற வழியில பெட்ரோல் பங்க்குல அடிச்சேன். ரேஸ்ல பஞ்சர் ஆயிறக்கூடாதுல்ல. ஒரு பாதுகாப்புக்கு."

குறைக்கிறேன் என்று குனிந்தேன். அதற்குள் ஆண்களை வரிசைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் கிளம்பிவிட்டார். கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெண்களை அனுப்பினார்கள்.

ஜோதியும் நானும் வளைவுக்கு ஓடினோம். முதலில் வந்தவர்கள் வேகமாகப் போனார்கள். பிறகு சின்னராஜ். டயர் ஈரக்கல்லில் ஒருமுறை துள்ளியது, இரண்டாம் முறை துள்ளியது, மூன்றாவதாக வளைவில் நேராகப் போய் உண்ணிச்செடிப் புதருக்குள் உட்கார்ந்தார். நாங்கள் பதறிப் போய்ப் பார்த்தால், அடி ஒன்றும் இல்லை. தலையில் இலை ஒட்டியிருந்தது. எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து, "மகேசு வர்றாளா பாருங்க" என்றார்.

வந்தார். மூன்று பெண்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். சிஸ்டர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்கிற சத்தமே இல்லை. முழங்கை மடங்கியிருந்தது, கண் டயரில் இல்லை, வளைவுக்கு அப்பால் இருந்தது. புதருக்குள் புருஷன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அரை நொடி தடுமாறினார்.

"நிக்காத. போயிக்கிட்டே இரு" என்று கத்தினார் சின்னராஜ்.

முன்சக்கரம் ஈரச்சரளையைக் கடித்துக்கொண்டு திரும்பியது. வளைவு முடிந்த இடத்தில் முன்னால் போன பெண் கால் ஊன்றி நின்றிருந்தார். சிஸ்டர் அவரைத் தாண்டிப் போனார். நான் வளைவில் நின்றபடி கை தட்டினேன். எத்தனையோ லாரிகளை ரோட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட இப்படி நின்று கை தட்டியதில்லை.

பெண்களில் சிஸ்டர் மூன்றாவதாக வந்தார். கப்பைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோது, பக்கத்தில் சின்னராஜ் தலையில் இலையோடு நின்றார். எடுத்துவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிஸ்டர்தான் கடைசியில் எடுத்துவிட்டார்.

5. ஒரு ரவுண்டு

கூட்டம் கலைந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் சைக்கிளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க ஒரு ரவுண்டு போங்கண்ணே."

"எனக்கெதுக்கு சிஸ்டர், முதுகு ஒத்துக்காது."

"மெத்தை மாதிரி இருக்கும். போங்க."

கடையில் சேர்ந்ததிலிருந்து தெருமுனை வரைக்கும் ஓட்டிச் சரிபார்த்திருக்கிறேனே தவிர, மலைப்பாதையில் ஒருநாளும் ஓட்டியதில்லை. ஜோதி சீட்டை உயர்த்திக் கொடுத்தார். மெதுவாக இறங்கினேன். காற்று முகத்தில் அடித்தது. ஈரமண்ணும் வேப்பம்பூவும் கலந்த வாசனை. கற்கள் காலுக்கடியில் போவதே தெரியவில்லை. இதற்காகத்தான் இவர்கள் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறார்களா என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நேரத்தில் டங்கென்று ஒரு சத்தம். ரிம் கல்லில் இடித்துவிட்டது.

எனக்கு எழுபது கிலோ. அது நாற்பத்தெட்டு கிலோவுக்கு வைத்த காற்று. நானே பார்த்துப் பார்த்து வைத்தது, சிஸ்டருக்கு அவ்வளவு பொருந்தியது, எனக்குப் பொருந்தவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டயரில் எழுதியிருப்பது எல்லை மட்டும். கேஜில் தெரிவது ஆரம்பம் மட்டும். ஓட்டுகிறவரின் எடையைக் கேளுங்கள், எந்தப் பாதையில் போகிறார் என்று கேளுங்கள், ஓட்டிவிட்டு வந்ததும் எப்படி இருந்தது என்று மறுபடி கேளுங்கள். சரியான அளவு அவரிடமிருந்துதான் வரும்.

அன்று இறக்கத்தின் நடுவில் நின்றபடி மேலே பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஜோதி, பம்பை எடுத்துக்கிட்டு வாம்மா. எனக்கு வச்சுக் குடு. இன்னொரு ரவுண்டு போறேன்."