தண்ணீர் போகும் இடத்தில் ஒரு சிற்றாலயம்

குடையைப் பிடித்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, மழைத் தண்ணீரின் பின்னாலேயே எங்கள் கல்லூரியின் பெண் போதகர், ஆயரம்மா, நடந்து போனதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அவர் பின்னால் சிவில் மாணவர்கள், கடைசியில் நான். பெங்களூரில் மிஷன் நடத்தும் பொறியியல் கல்லூரி அது. கடவுளின் படைப்பைப் பேணுவது பற்றி அங்கே ஒரு பாடம் உண்டு. வேதம் அவர் பங்கு, நீரியல் என் பங்கு. நானோ ஆஸ்டின் டவுன் மாரியம்மன் கோயில் கூழ் குடித்து வளர்ந்தவள். "உங்க ஆத்தாளும் மழைக்காரிதானே, வாங்க" என்று கேலி பேசியே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

பிளேஸ்மென்ட் கவலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பில் தூக்கம்தான் வரும். அதனால்தான் மழையில் இறக்கிவிடுவார். பூமி நம்முடையதில்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லி நம்மிடம் விடப்பட்டது என்பார். தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாதவன் என்னத்தைப் பார்த்துக்கொள்வான் என்றும் கேட்பார். அன்று தண்ணீர் கேன்டீனைச் சுற்றி, மைதானத்து ஓரமாய் ஓடி, மூலையில் புல் மூடிய பள்ளத்தில் இறங்கியது. கன்னடத்தில் ராஜகாலுவே என்பார்களே, ஏரிக்கு நீர் கொண்டுபோன பழைய கால்வாய், அதன் மிச்சம். பள்ளத்தில் மூலைக்கொரு குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. சிற்றாலயம் கட்ட ஜெபம் பண்ணிக் குறித்த இடம்.

காக்ஸ் டவுன் சபையின் அறுப்புப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும்போது பூசணிக்காயைக்கூட விடாமல் கூவி விலையேற்றி, பல வருஷமாய் ஆயரம்மா அதற்காகப் பணம் சேர்த்துவந்தார். ஓய்வு பெறுமுன் அதில் ஒரே ஒரு ஆராதனை நடத்திவிட வேண்டும், அதுதான் அவர் ஆசை.

ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், இத மூடிட்டா தண்ணி கீழ்த்தெரு வீடுங்களுக்குள்ள போயிடும்ல?"

ஆயரம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். குழாய் போட்டுத் திருப்பலாம் என்றான் ஒருவன். பெருமழைக்குக் குழாய் போதாது என்பதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது, என்ன கொடுமை.

அடுத்த கட்டிடக் கமிட்டியில் அவரே எழுந்து வேண்டாம் என்றார். வளாகத்தில் வேறு இடமில்லை என்று தெரிந்தேதான் சொன்னார். ஜெபித்துக் குறித்த இடத்தை எப்படி விடுவது என்று செயலாளர் கோபித்துக்கொண்டார்.

"கண்ண மூடி ஜெபம் பண்ணோம் சார். கண்ணத் தெறந்து கீழ பாக்கலயே."

அவருடைய கடைசி ஆராதனை என் ஹைட்ராலிக்ஸ் லேபில், பம்புகளுக்கும் தொட்டிகளுக்கும் நடுவே பெஞ்சு போட்டு நடந்தது. எல்லோரும் போனபிறகு என் தோளில் சாய்ந்து அழுதார். கமிட்டியில் தைரியமாகப் பேசிவிட்டாராம், ஆனால் அந்த ஆலயம் வேண்டுமென்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டதாம். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாடத்தை நான் ஒருத்திதான் நடத்துகிறேன். போன மழையில் ஊரில் பாதி மிதந்தது. கீழ்த்தெருவுக்குப் போய்ப் பார்த்தேன்; ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. அங்கே நின்றபடியே அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்போ அந்தப் பள்ளத்துல நம்ம ஆராதனை நடந்துடுச்சும்மா" என்றார்.