அண்ணன் அடுக்கிய பத்து சிடிகள்

ஓசூரில் நானும் அண்ணனும் குடியிருந்த ஒற்றை அறையில், ஜன்னலுக்கு மேலே ஒரு சிமெண்டுப் பலகை இருந்தது. அதில் பத்து சிடிகள் வரிசையாக நிற்கும். இடது ஓரத்தில் நிற்பது முதல் இடம், வலது ஓரத்தில் நிற்பது பத்தாவது. இரண்டாயிரத்தில் தொடங்கிய பத்தாண்டில் வந்த பாட்டுத் தொகுப்புகளில் இவைதான் சிறந்தவை என்பது அண்ணனின் தீர்ப்பு. புதிதாக ஒன்று ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்கிக் கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டிக்குப் போக வேண்டும். அந்தப் பலகையைத் துடைக்கக்கூட என்னை விடமாட்டான்.

எங்கள் ஊர் சாமல்பட்டி. அண்ணன் முதலில் ஓசூருக்கு வந்து இரும்பை அடித்து உருவாக்கும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அச்சில் வைத்து ராட்சதச் சுத்தியலால் அடித்து வண்டிகளுக்கான பாகங்கள் செய்கிற இடம். காலடியில் இருக்கும் மிதியை மிதித்துச் சுத்தியலை இயக்குவது அவன் வேலை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு நானும் அவனோடு வந்து, ரோஜாப் பூ கட்டி அனுப்பும் ஒரு கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு தின்றதும் தீர்ப்பு நேரம் தொடங்கும். ஒரு தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்க வேண்டும். நடுவில் பேசக்கூடாது. "ஒத்தப் பாட்ட வச்சிக்கிட்டு யாரும் இங்க எடம் புடிக்க முடியாது பாப்பா" என்பான். ஊரே ஆடிக்கொண்டிருந்த எத்தனையோ படங்களின் பாட்டுகள் இந்த ஒரு விதியால் பெட்டியிலேயே கிடந்தன.

முதல் இடத்தில் இருந்தது ஓடாத ஒரு படத்தின் பாட்டுகள். தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஆனால் அதன் முதல் பாட்டு ஒற்றை வயலினோடு தொடங்கும். அந்த வயலின் மெல்ல மேலே ஏறிப்போய், இதற்கு மேல் போக முடியாது என்கிற இடத்தில் நின்று நடுங்கும். அந்த இடத்துக்காகவே அதற்கு முதல் இடம். இரண்டாவது ஒரு கன்னடப் படத்தின் பாட்டுகள். பத்தாவதாக ஒரு முருகன் பாட்டுத் தொகுப்பு. அம்மாவுக்குப் பிடித்தது என்பதற்காக அதற்கு மட்டும் விதி தளர்த்தப்பட்டது. ஆறாவதோ ஏழாவதோ, வெறும் பறையும் தவிலும் உறுமியுமாக ஒரு தொகுப்பு. அது எனக்குத் தலைவலி.

இந்த வரிசையை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அண்ணனின் கூட்டாளி. நாட்றாம்பாளையத்துக்காரர். காய்ச்சிய இரும்பை இடுக்கியால் பிடித்து அச்சில் வைப்பது அவர் வேலை. அண்ணன் மிதிக்க, அவர் பிடிக்க, ஆறேழு வருடம் ஒரே சுத்தியலில் இருவரும் நின்றார்கள். ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். அவருக்குக் கன்னடப் பாட்டுகள்தான் முதல் இடம். "ஓடாத படத்துக்கு மொதல் எடமா? உங்கண்ணனுக்குக் காது அவிஞ்சி போச்சு பாப்பா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அப்போது அது வெறும் கேலி.

ஒரு பொங்கல் விடுமுறையில் அண்ணன் அந்த முதல் சிடியை எடுத்து ஐந்தாவது இடத்தில் வைத்தான். எனக்கு நம்ப முடியவில்லை. ஏன் என்று கேட்டேன். "சிடி கெட்டுப் போச்சு. அந்த வயலினு மேல போறப்ப ஒண்ணுமே வரல" என்றான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. சொன்னேன். முறைத்தான். அடுத்த வாரம் பெங்களூர் போய் அதே தொகுப்பைப் புதிதாக வாங்கி வந்தான். போட்டான். வயலின் ஏறிப்போய் அந்த உச்சியில் நின்று நடுங்கியது. அவன் முகத்தில் ஒன்றுமில்லை; பாட்டு இன்னும் தொடங்கவில்லை என்பது போல உட்கார்ந்திருந்தான். பிறகு, "இதுவும் கெட்டது" என்றான். அடுத்தடுத்த மாதங்களில் பறையும் தவிலும் மேலே ஏறி முதல் இடத்துக்கு வந்தன. புல்லாங்குழல் தொகுப்பு ஒன்று பெட்டிக்குப் போனது. நான் கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்பினான். காதுக்குள் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று ஒருநாள் அவனே சொன்னான். அந்தப் பலகையைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மெல்லிய ஒலிகள் ஒவ்வொன்றாக அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அடிவயிற்றில் இடிப்பவை மட்டும் மிஞ்சியிருந்தன.

வேலையை விடச் சொல்லி மன்றாடினேன். தொழிற்சாலையில் வருடம் ஒருமுறை காது சோதிப்பார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். எதிரே கண்ணாடியில் நர்ஸ் கை அசைவதைப் பார்த்துப் பார்த்து அவன் அழுத்திவிட்டு வந்திருக்கிறான். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். "அடுத்த வருசம் நிரந்தரம் பண்றேங்கிறான். இப்பப் போயி செவுடுன்னு சொன்னா வெளிய தள்ளிருவான். அங்க சத்தத்துல எவனுக்குத்தான் காது கேக்குது? கை சாடைதான் எல்லாம். கண்ணு இருக்குதில்ல, வுடு." அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்தச் சத்தத்தில் எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். அதனால் நானும் மேலே பேசவில்லை.

ஒரு மழைக்கால மத்தியானம். அச்சில் தடவிய எண்ணெய் எரிந்து புகை கிளம்பியிருக்கிறது. துண்டு அச்சில் கோணலாகச் சிக்கிக்கொள்ள, கூட்டாளி "நிறுத்து" என்று கத்திவிட்டு அதை நெம்பக் கையை உள்ளே விட்டார். பக்கத்துச் சுத்தியலில் நின்றவனுக்கே அந்தக் கத்தல் கேட்டது. கை சாடை தெரியாத புகையைப் பார்த்துக்கொண்டு அண்ணன் மிதித்தான்.

கூட்டாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. விசாரணையில், கூட்டாளி விதியை மீறிக் கையை விட்டதாக எழுதி முடிக்கத் தயாராக இருந்தார்கள். அண்ணன் எழுந்து நின்று, "அவன் கத்தினான். எனக்குத்தான் கேக்கல. ரெண்டு வருசமாவே கேக்காது" என்று சொல்லிவிட்டான். அன்றே அவன் வேலை போயிற்று. அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் கூட்டாளிக்கு ஈடு ஒன்றும் கிடைத்திருக்காது என்று பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு அண்ணன் மூன்று முறை போனான். மூன்று முறையும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த மூன்றாவது நாள் திரும்பி வந்ததும், அண்ணன் பலகையில் இருந்த சிடிகளை எல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டினான். வரிசை பார்க்கவில்லை.

நாங்கள் சாமல்பட்டிக்கே வந்துவிட்டோம். எனக்குக் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். அண்ணன் ஒரு மாந்தோப்பில் காவல். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பேச்சு ஓரளவு விளங்குகிறது. பாட்டைப் போட்டால் தகரத்தை உரசுவது போல் இருக்கிறதென்று கழற்றி வைத்துவிடுகிறான். என் மகள் போனில் கேட்கும் புதுப் பாட்டுகள் எப்படி என்று என்னிடம் கேட்பான். நல்லாத்தான் இருக்குது என்பேன். எந்த இடத்தில் வைக்கலாம் என்று கேட்டதில்லை.

போன மாசியில் ஒரு நாள், கூட்டாளி வந்தார். யாரிடமோ விசாரித்து, ரயிலில் வந்து இறங்கி, தோப்புக்கே நடந்து வந்திருந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. நான் அண்ணனுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்து நின்றான். மெஷின் அன்று பேட்டரி தீர்ந்து வீட்டில் கிடந்தது. கூட்டாளி தரையைப் பார்த்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றான்?" என்று கேட்டான்.

நான் தயங்கினேன். கூட்டாளி என்னைப் பார்த்தார். "மாத்திச் சொல்லாத பாப்பா. அப்படியே சொல்லு" என்றார்.

அண்ணனின் காதருகே போய், தோப்பெல்லாம் கேட்கும்படி கத்தினேன். "கோவம் இன்னும் போகலயாம். போகவும் போகாதாம். பார்க்கணும்னு தோணுச்சாம், வந்தாராம்."

அண்ணன் என்னிடம், அவனுக்கும் தட்டு போடு என்றான்.

கூட்டாளி உட்கார்ந்தார். பையிலிருந்து கையை எடுக்காமல், இடது கையால் சாப்பிட்டார். அண்ணன் அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே இருந்தான். அவர் போதும் போதும் என்று சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை.