உம்பிரியா, வாசல் வரை

மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். டாக்ஸிக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். நான் நூற்றைம்பதில் நின்றேன். "ஃபாரினுக்குப் போய்க்கினு அம்பது ரூபாக்கு இன்னாத்துக்கு மாமி மல்லுக்கு நிக்கிற?" என்று அலுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கி வைத்தார். முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள் நான். சாக்பீஸால் இத்தாலியை எத்தனையோ தடவை வரைந்து, எத்தனையோ தடவை அழித்திருக்கிறேன். ஓய்வு பெற்ற வருடம், 1995 செப்டம்பரில், அதை நேரில் பார்க்க வாய்த்தது. என் கணவரின் தம்பி மகன் ரகுவுக்கு ஜூரிச்சில் கம்ப்யூட்டர் வேலை. அவனும் அவன் மனைவி வித்யாவும் வீட்டு வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, இத்தாலியின் நடுவிலுள்ள உம்பிரியா மாநிலத்தைச் சுற்றப் போகிறார்களாம். பெரியம்மாவும் வந்தால் ரசத்துக்குக் கவலையில்லையாம். என் கணவருக்கு முழங்கால் வலி. அவர் வீட்டு வாசலோடு கையாட்டி நின்றுவிட்டார்.

விமான நிலையத்தில் என் தம்பி ரமணி காத்திருந்தான். வீடு பக்கத்தில், நங்கநல்லூரில். நந்தனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வரைபடக்காரனாக இருந்தான். ஸ்கூட்டரில் நேராக அங்கிருந்தே வந்திருந்தான். கல்லூரி நாளில் லஸ் முனையின் நடைபாதைப் புத்தகக் கடையில் அவன் வாங்கிய ஓர் ஓவியப் புத்தகம் எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்து. அதில் அசிசி என்ற ஊரின் கோயில் சுவரில் உள்ள படம் ஒன்று: ஒரு மரத்தடியில் துறவி ஒருவர் குனிந்து பறவைகளிடம் பேசுகிறார், பறவைகள் வரிசையாக நின்று கேட்கின்றன. அந்தப் பக்கத்துக்காக அடித்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பயணமே எனக்கு அந்தப் படத்துக்காகத்தான்.

"அக்கா, கூட்டம் தள்ளிண்டு போகும். நீ நகராதே" என்றான். "அந்த மரத்தோட பச்சை நெஜமாவே அப்படித்தானா, இல்லை அச்சடிச்சவன் பண்ணின வேலையான்னு பாத்துண்டு வா."

"நீயும் வந்திருக்கலாமேடா."

"லீவு கெடைக்கணுமே. நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான், போ."

செப்டம்பர் 10, ஞாயிறு. ஜூரிச்சில் வேனைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. ஆறு மீட்டர் நீளத்துக்குள் மூன்று படுக்கை, இரட்டை அடுப்பு, குளிர்பெட்டி, ஒரு ஆள் அசையாமல் நின்றால் குளிக்கக்கூடிய குளியலறை. கழிவறைக்கு அடியில் ஒரு பெட்டி. அதை, வண்டிகள் இரவு தங்கும் முகாம்தோறும் இழுத்துக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். எம்.டெக். படித்த ரகு பூணூலைக் காதில் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கியபடி அந்தப் பெட்டியோடு நடந்ததை அவன் அம்மா பார்த்திருந்தால் அன்றே ஊருக்குத் திரும்ப அழைத்திருப்பாள். மலையைக் குடைந்த பதினேழு கிலோமீட்டர் சுரங்கப் பாதையைத் தாண்டினால் மொழி மாறிவிடுகிறது, வெயிலும் மாறிவிடுகிறது. மிலான், பொலோனியா, ஃப்ளோரன்ஸ் என்று எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். முகாமில் ஓர் இரவுக்கு முப்பதாயிரம் லிரா, நம் கணக்கில் அறுநூறு ரூபாய். காபி நின்று குடித்தால் ஆயிரத்து நானூறு லிரா, உட்கார்ந்தால் இரட்டிப்பு. நாங்கள் நின்றே குடித்தோம்.

செப்டம்பர் 13, புதன். உம்பிரியா தொடங்கும் இடத்தில் திராசிமெனோ என்ற பெரிய ஏரி. கரையோரச் சிற்றூரில் வேனை நிறுத்திவிட்டு மதியம் ரொட்டி வாங்கினோம். கடித்தால் உப்பே இல்லை. இந்த மாநிலத்து ரொட்டியே அப்படித்தானாம். "உப்புக்குமா பஞ்சம்?" என்று வித்யாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு அட்டை வாங்கி, ஏரிக்கரை டெலிபோன் கூண்டிலிருந்து மயிலாப்பூருக்குப் பேசினேன்.

"சாரதா, ஒக்காந்துண்டிருக்கியா?" என்றார் என் கணவர்.

"டெலிபோன் கூண்டுல எங்கேன்னா ஒக்கார்றது? நின்னுண்டுதான் இருக்கேன்."

"ரமணி போய்ட்டான்டி."

எந்த ஊருக்கு என்றுதான் கேட்டேன். அப்படித்தான் வாயில் வந்தது.

"திங்கக்கிழமை மத்தியானம். ஆபீஸ்ல சாப்ட்டுட்டுக் கை அலம்பப் போனவன், அங்கேயே விழுந்துட்டான். நேத்திக்கே எல்லாம் ஆயிடுத்து. கமலா ஒனக்குச் சொல்லவே வேண்டாம்னா. அக்கா ஊரெல்லாம் பாத்துட்டு வரட்டும்னா. என்னாலதான் முடியலை."

கமலா ரமணியின் மனைவி. உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். வந்து யாரைப் பார்க்கப் போகிறாய் என்றார். டிக்கெட்டும் மாற்ற முடியாத மலிவு டிக்கெட். பிறகு அவர் வழக்கமான கவலைக்கு வந்தார். "வாத்தியார்ட்ட கேட்டுட்டேன். ஒனக்குப் பக்ஷிணிதானாம். கேட்டதுலேர்ந்து ஒண்ணரை நாள் தீட்டு. நாளன்னிக்குக் காலம்பற ஸ்நானம் பண்ணிட்டா ஆச்சு." அதற்குள் அட்டையில் காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் இந்த வழக்கம் தெரிந்திருக்காது. வாத்தியார் என்றால் எங்கள் வீட்டுப் புரோகிதர். சாவுத் தீட்டு என்றால் கோயிலுக்குப் போகாமல், யாரையும் தொடாமல் ஒதுங்கியிருப்பது. பிள்ளைக்கும் பங்காளிக்கும் பத்து நாள். கல்யாணமாகிப் போன பெண் வேறு குலத்தவள் ஆகிவிடுகிறாள். கூடப் பிறந்தவன் போனால் அவளுக்கு ஒன்றரை நாள். எத்தனையோ வீடுகளில் இதை நானே வாய் கூசாமல் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு வருடம் எனக்குத் தம்பியாக இருந்தவனுக்கு ஒன்றரை நாள் என்று அன்று என் காதில் விழுந்தபோதுதான் அந்தக் கணக்கு எனக்கு உறைத்தது.

ஆறு மீட்டர் வண்டியில் எங்கே ஒதுங்குவது? கடைசி இருக்கையின் மூலையில் போய் உட்கார்ந்தேன். வித்யா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "தொடாதேடி" என்றேன். "நீங்க அழுங்கோ பெரியம்மா. நான் அப்பறமாக் குளிச்சுக்கறேன்" என்றாள். அழுதேன். மதியம் மிச்சமிருந்த ரொட்டியைத்தான் அன்று சாப்பிட்டேன். உப்பில்லாதது தெரியவே இல்லை.

செப்டம்பர் 14, வியாழன். அசிசி ஐம்பது கிலோமீட்டர். சமவெளியிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் ஊர் முழுவதும் வெளிறிய ரோஜா நிறக் கல்லில் தெரிகிறது. பெரிய வண்டிகள் அடிவாரத்தில் நிற்க வேண்டும்; ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் லிரா. ஏறிப் போனோம். கோயில் முன்னால் பச்சைப் புல்வெளி, அகலமான படிகள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பெரியம்மா, இது சர்ச். நம்ம தீட்டு இதுக்கெல்லாம் கெடையாது" என்றான் ரகு.

"சாமி இருக்கற எடம்தானேடா? அவா சாமின்னா எளக்காரமா?"

அவனும் வித்யாவும் உள்ளே போய்விட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். வித்யா என் பக்கத்தில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அந்தப் படம் உள்ளே எங்கேயோ இல்லை பெரியம்மா. வாசல் சுவர்லயே, உள்பக்கமா இருக்கு. நொழைஞ்சு திரும்பினாப் போறும். நாலு அடி." அதாவது, அவ்வளவு நேரமும் நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே சுவரின் மறுபக்கம்.

கீழ்ப் படியில் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். தெற்கே கலாப்ரியாவிலிருந்து பஸ்ஸில் கூட்டமாக வந்தவளாம். கால் வலியால் ஏறாமல் மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டிருக்கிறாள். வித்யாவுக்குக் கொஞ்சம் இத்தாலியன் வரும். சொன்னாள். அந்த அம்மாள் தன் உடையைத் தொட்டுக் காட்டி நீளமாகப் பேசினாள்.

"இவாளுக்கும் கூடப் பொறந்தவர்தானாம் பெரியம்மா. எட்டு மாசமாச்சாம். இவா ஊர்ல ஒரு வருஷம் கறுப்புதானாம். ஆத்துக்காரர் போனா கழட்டவே மாட்டாளாம். ஒங்களுக்கு எத்தனை நாள்னு கேக்கறா."

"ஒண்ணரை நாள்னு சொல்லு."

வித்யா என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்த அம்மாள் நம்பவில்லை. ஒன்றரை வருடமா, ஒன்றரை மாதமா என்று மறுபடி கேட்டாள். இல்லை, நாள்தான் என்று தெரிந்ததும் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். தொடாதே என்று அவளிடம் எந்த மொழியில் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருத்தி கேட்டால் சொல்லவே கூசும்படி இத்தனை கொஞ்சத் துக்கத்தையா எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கோபமாகவும் இருந்தது.

செப்டம்பர் 15, வெள்ளி. திட்டப்படி அன்று வேறு ஊர். ரகு எனக்காக இன்னொரு நாள் வாடகை கட்டி அங்கேயே நிறுத்தியிருந்தான். விடிந்ததும் அந்த அலமாரிக் குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். வாத்தியார் கணக்கில் நான் சுத்தம். வித்யா மடித்து வைத்திருந்த புதுப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். மூவரும் மறுபடி ஏறினோம்.

வாசல் வரை போனேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் மெழுகுவர்த்தி வாசனையும் வந்தன. இருட்டுக்குள் நீலநிறக் கூரை கொஞ்சம் தெரிந்தது. நாலு அடி. அந்த நாலு அடியை வைத்தால், சரி, ஒன்றரை நாள் போதும், ரமணி விஷயம் முடிந்தது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் திரும்பினேன்.

"நான் வரலை. பத்து நாளும் வெளியிலதான்."

வித்யாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு தூரம் வந்துட்டா? ரமணி மாமா இருந்தாத் திட்டுவார் பெரியம்மா."

"திட்டட்டும். வந்து திட்டட்டும்."

மரத்தின் பச்சையைத் தான் பார்த்துச் சொல்லட்டுமா என்று ரகு கேட்டான். வேண்டாம் என்றேன். கேட்டவனிடம் சொல்ல முடியாத பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஆகவே, உம்பிரியாவின் சுவர்ச் சித்திரங்களைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். வாசல்களைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பெல்லோவில் கோயில் தெருவை ஒட்டியே இருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னலில் தொட்டி தொட்டியாகச் செடிகள், ஒருவர் ஏணி போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். பெருஜியாவில் கோயிலின் பக்கவாட்டுப் படிகள் அகலமானவை. சதுக்கத்தைப் பார்த்தபடி மாணவர்கள் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. ஓர்வியெத்தோ மட்டும் விதிவிலக்கு. அங்கே முகப்பு முழுக்கத் தங்கப் பின்னணியில் வண்ணக் கல் சித்திரங்கள், கீழே மனிதர்கள் படைக்கப்பட்டதிலிருந்து தொடங்கும் சிற்பங்கள். வெளியே நிற்கிறவர்களை நினைத்தும் ஒருவர் வேலை செய்திருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது. மாலை வெயில் பட்டதும் அது எரிந்தது. ரமணிக்குக் காட்ட வேண்டும் என்று கழுத்தைத் திருப்பிவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றியும் கடமைக்குச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் விளையும் சின்னஞ்சிறு பருப்பு ஒன்று, கிலோ ஒன்பதாயிரம் லிரா. நம் ரசத்துக்கு நன்றாகக் குழைகிறது. மண்ணுக்கடியில் நாயை விட்டுத் தேடும் கறுப்புக் காளான் ஒன்றைப் பெருமையாக மோந்து பார்க்கக் கொடுத்தார் ஒரு கடைக்காரர். பெருங்காயத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. சமைத்தது வித்யா. நான் மூலையிலிருந்து உப்பு, புளி என்று கட்டளை போட்டதோடு சரி. பத்தாம் நாள் ஜூரிச்சுக்குத் திரும்பியிருந்தோம். அன்று தலைக்குக் குளித்தேன். அதற்கு எந்த வாத்தியாரையும் கேட்கவில்லை.

சென்னையில் இறங்கியபோது அங்கே பதின்மூன்று நாள் காரியமும் முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் மாலை தனியாக நங்கநல்லூர் போனேன். இத்தாலியில் கோயில்கள் பகலில் சாத்திக்கொண்டு ஊரோடு சேர்ந்து தூங்குகின்றன. இங்கே சாயங்காலம் ஆனால் தெருவே ஆஞ்சநேயர் கோயிலை நோக்கி நடக்கிறது. கமலா கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். தினமும் இந்த நேரத்தில் அந்தக் கோயிலில் இருப்பவள். நான் அழுதேன், அவள் அழுது முடித்திருந்தாள்.

"படமெல்லாம் பாத்தேளா அக்கா? போற அன்னிக்குக் காலம்பறகூட, அக்கா இப்ப மலை தாண்டியிருப்பான்னு சொல்லிண்டிருந்தார்."

"பாக்கலைடி. ஒரு கோயிலுக்குள்ளயும் போகலை. வாசல்லயே ஒக்காந்துண்டிருந்தேன்."

"ஒங்களுக்கு ஒண்ணரை நாள்தானே?"

"எனக்குப் போறலை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோயில் மணி அடித்தது. தெருவில் இரண்டு பெண்கள் பூக்கூடையோடு போனார்கள். உள்ளே பார்த்துவிட்டு, பார்க்காதது போலப் போனார்கள்.

"எனக்கு ஒரு வருஷம்" என்றாள் கமலா. "கோயில் கெடையாது. யாராத்துக்கும் போகப்படாது. வாசல் தாண்டப்படாதுங்கறா." பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "வாசல்ல ஒக்காந்துண்டு என்ன பண்ணினேள் அக்கா? பொழுது எப்படிப் போச்சு?"

நான் அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அசிசியில் தொடங்கி ஒவ்வொரு வாசலாகச் சொல்ல ஆரம்பித்தேன்.