தேவாலய வாசலில் கழற்றிய செருப்பு

புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க்கில் குடியிருக்கிற கோணேஸ்வரிக்கு இருபது வருசமாய் ஒஃபிஸ் கட்டடங்களில் நிலம் துடைக்கிற வேலை. சுப்பர்வைசர் வாயைத் திறந்தால் எல்லாத்துக்கும் “மஸ்ட்” தான், கட்டாயம் செய்யவேணும் என்று.

மகள் சஜிதா அவவை மெக்சிக்கோவில் ஒரு பழைய மலைநகரம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்பானியர் கட்டின தேவாலய வாசலில் கோணேஸ்வரி செருப்பைக் கழற்றினா.

“அம்மா, இஞ்ச கழற்றத் தேவையில்லை.”

“உள்ளுக்குச் சாமி இருக்கெல்லே? பேசாமல் வா.”

மாதாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவ திகைச்சுப்போனா. அவவின் செருப்புக்குப் பக்கத்தில் இன்னும் பதினொரு சோடி. இது ஆர் போட்ட சட்டம்? ஒண்டும் விளங்கேல்லை.

சுற்றுலா வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அவவை அந்த ஊர்க்காரி என்று நினைத்து, பணிவாய் இங்கிலீசில் கேட்டாள்: “சொக்ஸையும் கழற்ற வேணுமா?”

கோணேஸ்வரி அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்தா. பிறகு நிமிர்ந்து சொன்னா:

“மஸ்ட்.”